நான்காம் பக்கத்தில் விடுபட்ட ஆடு

மதிப்பிற்குரிய ஆசிரியர் ஐயா அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் அச்சு இயந்திரமும் நலம்தானே? நான் நலமே. அதை நம்பத்தான் இந்தத் தெருவில் ஆளில்லை.

சென்ற செவ்வாய்க்கிழமை நான்காம் பக்கத்தில், என் வீட்டுப் படத்தோடு, ‘ஆட்டிலிருந்து பரவும் நுரையீரல் புற்றுநோய்’ என்று போட்டிருந்தீர்களே, அந்த ஆடு என்னுடையது. நான் முப்பது வருஷம் லிஃப்ட் ஓட்டி ஓய்வுபெற்றவன். பேச்சுத் துணைக்கு ஆறு செம்மறிகள் வளர்க்கிறேன். எப்போதும் முன்னால் நடப்பதால் ‘மேனேஜர்’ என்று நான் கூப்பிடும் பெட்டை, இரண்டு மாதமாக இளைத்து, நாலடி வைத்தாலே மூச்சு வாங்கியது. கால்நடை டாக்டரம்மா வந்து, சோதித்துப் பார்க்க அதன் பின்னங்கால்களைத் தூக்கிப் பிடித்தார். மூக்கிலிருந்து நுரைத் தண்ணீர் கொட்டி என் செருப்பு நனைந்துவிட்டது.

“நுரையீரல்ல புத்துநோய்ங்க. ஒரு வைரஸாலதான் வருது, மூச்சுக்காத்துல ஒட்டிக்கும். மருந்து கிடையாது.”

“எனக்கும் வருமா டாக்டர்?”

“ஆட்டுக்கு ஆடுதான் ஒட்டும். மனுஷங்களுக்கு வந்ததா இதுவரைக்கும் தெரியல, பயப்படாதீங்க.”

வலியில்லாமல் கண்மூட டாக்டரம்மா ஊசி போடும்போது மேனேஜரின் தலை என் மடியில் இருந்தது. மற்ற ஐந்தையும் தள்ளித் தள்ளிக் கட்டச் சொன்னார். ஆளுக்கொரு மூலையில் நின்று கத்துகின்றன. உங்கள் நிருபரோ ‘ஆட்டுக்கு ஆடு’ என்பதில் ஓர் ஆட்டை விட்டுவிட்டார். அன்றிலிருந்து டீக்கடைக்காரர் எனக்கு மட்டும் பேப்பர் கப்பில் ஊற்றி, ஸ்டூலில் வைத்துவிட்டு உள்ளே ஓடுகிறார். முடிவெட்டுபவர், நான் ஒரே ஒரு தும்மல் போட்டதற்கு, “மீதிய அப்புறம் பாத்துக்கலாண்ணே” என்று கத்திரியைக் கீழே வைத்துவிட்டார். பக்கத்து வீட்டம்மா சுவருக்கு அப்பாலிருந்து, “அண்ணே, இருக்கீங்களா?” என்றார். “இருக்கேம்மா” என்றேன், ஆசையாக. “சரி, அங்கயே இருங்க” என்றார். ஒரு பெட்டிக்குள் பத்துப் பேர் மூச்சுவிட்ட இடத்தில் ஆயுசைக் கழித்தவன் ஐயா நான்! ஆறு நாளாக என்னோடு பேசுவது ரேடியோ மட்டும்தான். அதுவும் என் பதிலுக்குக் காத்திருப்பதில்லை.

ஆகவே விடுபட்ட ஆட்டைச் சேர்த்து, நாளைக்கே, கொட்டை எழுத்தில் திருத்தம் போடவும். தங்கள் குடும்பத்தாருக்கும் அந்த நிருபர் தம்பிக்கும் நீண்ட ஆயுளும் நல்ல ஞாபக சக்தியும் உண்டாகட்டும்.

இப்படிக்கு,
பாதி முடியோடு,
பழைய லிஃப்ட்காரன்.

பி.கு.: உறையை ஒட்டும்போது மகள் போன் செய்தாள். அவள் அம்மா தவறிப்போன பிறகு நாலு வருஷமாகப் பேசாதவள். “அப்பா, பேப்பர்ல பாத்தேன். இருமல் இருக்காப்பா?” என்று அழுதாள். இல்லை என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். இருமிவிட்டேன். நானாகத்தான் இருமினேன். ஞாயிற்றுக்கிழமை வருகிறாளாம். திருத்தத்தைத் திங்கட்கிழமை போட்டால் போதும், ஐயா.