ஏழு லாபம், ஆறு நஷ்டம்

எதையும் அரைகுறையாகத் தெரிந்துகொண்டு முழுமூச்சாக இறங்குவது என் சுபாவம். கல்யாணமாகிச் சிதம்பரம் வந்த மூன்றாம் வருடம் அந்தச் சுபாவம் மாமனார் வீட்டு மாடிப்படியில் கைவைத்தது.

பழைய வீடு. வாசல் கதவைத் திறந்தால் நடை. நடையிலிருந்தே மாடிக்குப் பதின்மூன்று தேக்குப் படிகள். தேக்கு என்பது வாய்வழித் தகவல்தான், கண்ணுக்குத் தெரிந்தது பச்சைப் பெயிண்ட். நாலு வீடியோ பார்த்த தைரியத்தில் (நாலாவதை முழுசாகப் பார்க்கவில்லை) வாசல் கதவையும் படிகளையும் ஒரு மாதம் உப்புத்தாள் போட்டுத் தேய்த்தேன். உள்ளே நிஜமாகவே தேக்கு! எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு சிக்கல் இருந்தது. அந்த நடையும் படியும் யாருக்கு என்று மாமனாருக்கும் அவருடைய சித்தப்பா மகனுக்கும் கடலூர் கோர்ட்டில் வழக்கு. தோற்றால் நான் தேய்த்த படியில் பங்காளி ஏறிப் போவார்.

தீர்ப்பு நாளும் வந்தது. எல்லோரும் கடலூருக்குக் கிளம்பிய பிறகு நான் நிதானமாக வார்னிஷ் அடித்திருக்கலாம். ஆனால் அவர்கள் ஜெயித்துத் திரும்பும்போது படி காய்ந்து பளபளக்க வேண்டுமே! அதனால் விடிந்ததுமே டப்பாவைத் திறந்துவிட்டேன். மாமனார் மாடியில் தூங்கிக்கொண்டிருந்தார். அவர் இறங்க வழி வேண்டும் என்பதால் ஒற்றைப்படைப் படிகளுக்கு மட்டும் அடித்தேன். இந்த யோசனை வந்தபோது என்னை நானே மெச்சிக்கொண்டது உண்மை.

எட்டு மணிக்கு வெள்ளை வேட்டி சட்டையில், கேஸ் கட்டோடு மாமனார் மேலே வந்து நின்றார். கீழே என் கணவர் பைக்கை எடுத்து வைத்திருந்தார்.

"மாமா, ஒண்ணுவிட்டு ஒண்ணு ஈரம். ரெண்டு, நாலு, ஆறுன்னு இரட்டைப்படையில மட்டும் கால வைங்க."

அவர் விரல் நீட்டி, வீடு கட்டும்போது ராசி பார்த்து எண்ணுவார்களே, அப்படிப் படிகளை எண்ணினார். "லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம்..." எண்ணி முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, தீர்ப்பு சொல்ற நாளுல என்னை ஆறு நஷ்டத்துல எறக்கி அனுப்பப் பாக்குறியா?"

"மாமா, ஈரம் மாமா!"

"இருக்கட்டும். லாபம்னா கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டார். எழுபது வயதுக்காரர், வெறுங்காலோடு, லாபத்தில் மட்டும் கால் வைத்து இறங்கினார். ஒவ்வொரு படியும் அவர் காலை விடமாட்டேன் என்று 'சப்'பென்று பிடித்தது. பாதி வழியில் தடுமாறிக் கைப்பிடியைப் பிடித்தார். (கைப்பிடிக்கும் அடித்திருந்தேன். சொல்ல மறந்துவிட்டேன்.)

சட்டைக் கையிலும் வார்னிஷ் ஒட்டியிருந்தது. மேலே போய் மாற்றலாம் என்றார் கணவர்.

"கெளம்பினவன திரும்ப ஏறச் சொல்ற, பாரு. வண்டிய எடுடா."

அன்று பகல் முழுவதும் நான் சோறு தின்னவில்லை. தோற்றால் காரணம் பங்காளியோ வக்கீலோ அல்ல, நான்தான் என்று உறுதியாக நம்பினேன். மூன்று மணிக்குக் கணவர் போன் செய்தார். "நம்ம பக்கம்தான் தீர்ப்பு. அப்பா ஜட்ஜப் பாத்துக் கும்பிட்டாரு. கை பிரியறதுக்குக் கொஞ்சம் நேரமாச்சு. எம்மாம் மரியாதைன்னு கோர்ட்டே பாத்துச்சு." நடையில் உட்கார்ந்து அழுதுவிட்டேன்.

மறுநாள் உப்புத்தாளோடு போனேன். மாமனார் குறுக்கே நின்றார். "கேஸ் ஜெயிச்ச காலும்மா அது. தொடாத."

பளபளக்கும் தேக்கில் அந்த ஏழு காலடிகள் இன்றும் இருக்கின்றன. வருஷா வருஷம் கோகுலாஷ்டமிக்கு நான் வாசலிலிருந்து மாவில் குட்டிப் பாதம் வரைந்துகொண்டே உள்ளே வருவேன். வந்த விருந்தாளிகளிடம் கணவர் படியைக் காட்டிச் சொல்வார்: "ஊர்ல எல்லார் வீட்டுக்கும் கண்ணன் உள்ள வருவாரு. எங்க வீட்டுல மட்டும் ஒம்பதாம் நம்பர் செருப்பு சைஸுல, கோர்ட்டுக்குக் கெளம்பிப் போவாரு."