தொடாத தட்டில் அடித்த அபாயமணி

மதிப்பிற்குரிய அத்தானுக்கு,

உங்கள் மைத்துனன் வணக்கத்தோடு எழுதுவது. நான் நலம் என்று எழுதக் கை வரவில்லை. நீங்கள் நலமா, அக்காவின் கோபம் ஆறியதா என்று அறிய ஆவல். உங்கள் அச்சகத்தில் என் பழைய நாற்காலியை யாருக்கும் கொடுத்துவிடாதீர்கள். மூன்று மணிக்கு எங்கள் மேலதிகாரி டாக்டரம்மா வருகிறார். இந்த ஆய்வகத்தில் என் சீட்டு இன்றோடு கிழிந்துவிடும்.

விஷயம் இதுதான். நாங்கள் வளர்க்கிற செல்லுக்குள்ளே ஒரு நொதி இருக்கிறது, ஆபத்து வந்தால் மணி அடிப்பது அதன் வேலை. மற்ற நேரத்தில் ஒரு காவல் புரதம் அதைக் கட்டிப் பிடித்து உட்கார வைத்திருக்கும். ஹைட்ரஜன் பெராக்சைடு என்ற மருந்தை விட்டால் காவலுக்கு அடி விழுந்து பிடி விட்டுப் போகும், நொதி எழுந்து பக்கத்து நொதிமேல் ஒரு பாஸ்பேட்டை ஒட்டி அதையும் எழுப்பும், அது அடுத்ததை எழுப்பும், ஒரு நாய் குரைத்தால் தெருவே குரைக்கிற மாதிரி. தட்டு மொத்தம் நாலு. முதல் தட்டுக்கு மருந்தே கிடையாது, நாலாவதுக்கு அதிகம். அப்புறம் நாலையும் வரிசையாக ஃபிலிமில் படம் எடுத்தால் எழுந்த நொதி கறுப்புக் கோடாகத் தெரியும். முதல்ல வெறுமை, கடைசியில கறுப்பு, அப்படித்தான் வரணும் அத்தான். காலையில் படத்தை வெளிச்சத்தில் பிடித்தேன். மருந்து படாத முதல் தட்டு கன்னங்கரேல்னு இருக்கு. நாலாவது ஏன் தூங்குதுன்னு யோசிக்கக்கூடத் தெம்பில்லை.

சும்மா கிடந்த செல்லைக் கலவரப்படுத்தினது யார்? நான்தான். நாலு குற்றத்தையும் எழுதி டாக்டரம்மா மேஜையில் வைத்துவிட்டேன். வெப்பப் பெட்டியை அஞ்சு தடவை திறந்து எட்டிப் பார்த்தது, தட்டை முழங்கையால் இடித்தது, பக்கத்தில் தும்மியது, அப்புறம் அக்கா போனில் உங்களைப் பற்றிக் குமுறின இருபது நிமிஷமும் அந்தத் தட்டைக் கையிலேயே வைத்திருந்தது. எந்தச் செல் தாங்கும், சொல்லுங்க.

ஆறு மாசம் பார்த்துவிட்டு நிரந்தரம் என்றார்கள், அந்த ஆறு மாசம் இன்றைக்கு முடியுது. பயமா இருக்கு அத்தான். இந்த வேலை எனக்குப் பிடிச்சிருந்தது.

பிள்ளைகளுக்கு என் அன்பு. அக்காவிடம் மூச்சு விடாதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் மைத்துனன்

பி.கு.: டாக்டரம்மா வந்தார். படத்தை வாங்கி, மூலையில் அடையாளத்துக்கு நானே வெட்டியிருந்ததைப் பார்த்து, மறுபக்கம் திருப்பிப் பிடித்தார். முதல் தட்டு வெறுமை, நாலாவது கறுப்பு. வேலை நிரந்தரம், நாற்காலி வேண்டாம். ஆனால் குற்றப் பட்டியலை அவர் திருப்பித் தரவில்லை. ரெண்டு தடவை வாசித்துவிட்டு, “நாலாவது குற்றத்துல வர்ற அத்தான் அப்படி என்னதான் பண்ணினார்?” என்று கேட்டார். எல்லாத்தையும் சொன்னேன். அவரும் அக்கா கட்சிதான்.