டிரெஸ்பாஸ் பலகைக்காரர்

உங்கள் நிலத்தின் குறுக்கே ஒரு பெண் பஸ் பிடிக்க நடந்து போனால் உங்களுக்கு என்ன நஷ்டம்? நிதானமாக யோசியுங்கள். கொஞ்சம் புல் சாயும். வேறு? ஒன்றும் தோன்றவில்லையென்றால் நீங்கள் பலகைக்காரர் அல்ல. பலகைக்காரருக்குச் சட்டென்று ஓர் இங்கிலீஷ் சொல் தோன்றும்: டிரெஸ்பாஸ்.

ஏற்காட்டு மலையில் எந்தப் பக்கம் திரும்பினாலும் இந்த இனம் உண்டு. கீழே முப்பது வருடம் வியாபாரம் பார்த்து, மூட்டுவலி வந்தபின் மேலே நாலு ஏக்கர் வாங்கி, காப்பிச் செடி எது களைச்செடி எது என்று தெரிந்துகொள்வதற்கு முன்பே, சிவப்பு எழுத்தில் ஒரு பலகை எழுதிக் கேட்டில் திருகிவிடுவார்: நுழைந்தால் வழக்கு!

சட்டம் அப்படிச் சொல்லவில்லை. குற்றமாகும் அத்துமீறலுக்குக் கால் மட்டும் போதாது. குற்றம் செய்யவோ மிரட்டவோ தொல்லை கொடுக்கவோ எண்ணமும் வேண்டும். பஸ் பிடிக்கும் எண்ணம் அந்தப் பட்டியலில் இல்லை. இதைச் சொன்னால் பலகைக்காரர் உங்களைக் கம்யூனிஸ்ட் என்பார்.

அவர் வாயில் டிரெஸ்பாஸ் என்ற சொல் ஆளுக்குத் தக்கபடி நீளும், சுருங்கும். ஊர்க்காரர் நடந்தால் டிரெஸ்பாஸ். அவரிடம் அறை எடுத்த விருந்தாளிகள் ஊர்க்காரரின் ராகிக் கொல்லையை மிதித்துப் போட்டோ எடுத்தால் ‘சின்னப் பசங்க, ஜாலியா இருக்காங்க’. அவருடைய சுவர் இரண்டடி ஓடைக்குள் இறங்கினால் ‘சர்வேயர் தப்பு’. காட்டெருமை நுழைந்தாலோ, கதவைச் சாத்திக்கொள்வார். வழக்கு கிடையாது.

இந்த மலைக்குள் யாரையும் கேட்காமல் நுழைந்த வெள்ளைக்காரர்கள் குதிரையில் வந்தார்கள். அவர்களைத் தடுக்கப் பலகை எழுத இங்கே யாருக்கும் இங்கிலீஷ் தெரியாது. அவர்கள் போய்விட்டார்கள், சொல்லை மட்டும் வாரிசுகளுக்கு விட்டுப் போனார்கள்.

மாரமங்கலம் பக்கம் சக்திவேல் என்றொரு பலகைக்காரர். போன நவம்பரில் தன் தோட்டத்து வழியைப் பூட்டினார். முப்பது வீட்டுக்காரர்கள் பஸ்ஸுக்கு நடக்கும் வழி. இருபது நிமிட நடை, சுற்றிப் போனால் ஒன்றேகால் மணி நேரம். பழனியம்மாளின் மகள் தீபிகா சேலத்தில் கல்லூரி படிக்கிறாள். முதல் பஸ் தவறித் தவறி, இன்னும் ஆறு நாள் வகுப்பு தவறினால் பரீட்சை எழுத விடமாட்டார்கள் என்ற நிலை.

“ஏனுங்க, எங்க தாத்தன் காலத்துத் தடமுங்க. புள்ள படிப்பு கெடுதுங்க” என்றார் பழனியம்மாள்.

“டிரெஸ்பாஸ்மா. கால வெச்சா கேஸு.”

அது என்ன சொல் என்று பழனியம்மாள் பக்கத்து வீட்டு சாந்தாமேரியைக் கேட்டார். சாந்தாமேரி மிஷன் பள்ளியில் படித்தவர்.

“அத்துமீறறதுன்னு அர்த்தம் கண்ணு. எங்க இங்கிலீஷ் ஜெபத்துலயும் அந்த வார்த்தை வரும். அங்க மன்னிக்கச் சொல்லுது.”

“சாமியே மன்னிக்குதாமா? அப்ப இவரு சாமிக்கும் மேல நொம்பப் பெரிய ஆளாட்ட இருக்குதேக்கா!”

எனக்குச் சாமி நம்பிக்கை கிடையாது. அன்று மட்டும் சாமி கட்சி.

டிசம்பரில் காப்பி சிவந்தது. பழம் பறிக்க ஆள் கேட்டு, தோட்டத்துக் கணக்கெழுதும் ரைட்டரை அனுப்பினார் சக்திவேல். ஒருவரும் போகவில்லை. பழம் உதிர ஆரம்பித்ததும் அவரே மூச்சிரைக்க ஊருக்குள் வந்தார்.

“உள்ள வந்தா கேஸுன்னு நீங்கதானுங்க சொன்னீங்க. நாங்க சட்டத்துக்குப் பயந்த சனமுங்க” என்றார் பழனியம்மாள்.

“ஏம்மா, வேலைக்கு வர்றது வேற, நடக்கிறது வேற!”

“காலு அதேதானுங்களே?”

“சரி, பறிச்சு முடியிற வரைக்கும் கேட்டத் திறந்து வெக்கிறேன்.”

“மறுநாளு இதே காலு திருட்டுக் காலாயிருமுங்களா? தடம் ஊருக்குப் பொதுன்னு எழுதிக் குடுங்க. கூடையோட வர்றோம்.”

கூலி அவர்களுக்கும் தேவைதான். ஆனாலும் நாலு நாள் யாரும் அசையவில்லை. தீபிகாவுக்கு மிச்சம் இரண்டே நாள். ஐந்தாம் நாள் சக்திவேல் எழுதிக் கொடுத்தார். சாந்தாமேரி அதை இரண்டு முறை படித்துப் பார்த்த பிறகே கூடைகள் எழுந்தன. மறுநாள் தீபிகா முதல் பஸ்ஸில் போனாள்.

பலகை மட்டும் இன்னும் தொங்குகிறது. அழகுக்காம்.

சிரிக்கிறீர்களா? உங்கள் அடுக்குமாடியின் லிப்டில் ‘வேலைக்காரர்கள் ஏறக்கூடாது’ என்று ஒட்டியிருப்பது யார்? மொட்டை வெயிலில் சாப்பாடு கொண்டுவந்தவரைக் கேட்டுக்கு வெளியே நிற்கவைத்தது எந்தச் சட்டம்? எழுந்து வாசலுக்குப் போய், அங்கேயும் ஒரு பலகை தொங்குகிறதா என்று ஒருமுறை பாருங்கள். போகும்போது திருப்புளியையும் எடுத்துக்கொண்டு போங்கள்.