மஞ்சள் சட்டை மேஸ்திரியைக் காணவில்லை

திருவண்ணாமலை கிரிவலப் பாதையில் தொலைந்துபோன ஓர் ஆளைக் காணோம்காரர் கண்டுபிடிக்காமல் விட்டதாகச் சரித்திரமே கிடையாது. தொலையாத ஆளையும் கண்டுபிடித்துவிடுவார், அதுதான் சிக்கல். மாமியாரோடு சண்டை போட்டுக்கொண்டு தனியாக முன்னால் நடந்துவிட்ட ஒரு மாப்பிள்ளையை ஒருமுறை மைக்கில் கூப்பிட்டு, அதே மாமியார் கையில் பத்திரமாக ஒப்படைத்தார். அந்த மாப்பிள்ளை அவரைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை.

அடி அண்ணாமலையில் அவருக்கு ஒரு சவுண்ட் சர்வீஸ் கடை. மாடியில் இருந்த ஒற்றை அறையில் நான் வாடகைக்கு இருந்தேன். வேங்கிக்காலில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் எனக்கு வேலை. அதனால் அவருக்கு நான் 'ஜெராக்சு'. பௌர்ணமிதோறும் கடை வாசலில் ஒரு கொட்டகை போட்டு, காணாமல் போனவர்களைப் பற்றி இலவசமாக அறிவிப்பார். அதனால் காணோம்காரர் என்ற பெயரே நிலைத்துவிட்டது; சொந்தப் பெயர் ஊரில் யாருக்கும் தெரியாது.

மைக் இல்லாவிட்டாலும் பேச்சு அதேதான். சாப்பிட உட்கார்ந்தால், "சமையலறையில் இருக்கும் சரோஜா அவர்கள் உடனடியாக ரசத்துடன் வரவும்" என்பார். உள்ளேயிருந்து அண்ணி, "கேட்டவரு தட்டோட இங்க வரவும்" என்று பதில் அறிவிப்பு கொடுப்பார்.

அவருக்கு ஒரே ஒரு சட்டம்தான் உண்டு. "ஜெராக்சு, சட்டை கலர் சொல்லாத அறிவிப்பு அறிவிப்பே இல்ல. ஒரே பேரு ஆயிரம் பேருக்கு இருக்கும். இந்தச் சட்டையில இந்த நேரத்துல நின்னு அழுவறவன் ஒருத்தன்தான்."

அப்படி அழுதவன்தான் சுக்ரா. ஒரு பௌர்ணமி சாயங்காலம் யாரோ பக்தர்கள் அவனைக் கொண்டுவந்து கொட்டகையில் விட்டுப் போனார்கள். பச்சையில் கட்டம் போட்ட சட்டை, மார்போடு அணைத்த ஒரு பை. தமிழில் எது கேட்டாலும் விழித்தான். வடக்கத்தி ஆள் என்பது மட்டும் தெரிந்தது. காணோம்காரருக்கு இந்தியில் ஒரே ஒரு வாக்கியம் தெரியும், அதுவும் ரயில்வே ஸ்டேஷனில் 'பயணிகள் கவனிக்கவும்' என்பதை இந்தியில் கேட்டுக் கேட்டுப் பாடமானது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "யாத்ரிகண் கிருபயா த்யான் தே" என்றார் மைக்கில்.

சுக்ரா சட்டென்று பையைத் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்து நின்றான். ரயில் எந்தப் பக்கம் வருகிறது என்று வேறு எட்டிப் பார்த்தான். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். காணோம்காரர் சிரிக்கவில்லை.

"இவன் வழி தவறல, ஜெராக்சு. ஊருக்குப் போவணும்னு நிக்கிறான்."

பச்சைக் கட்டம் போட்ட சட்டை என்று தமிழில் அறிவித்ததும், கூட்டத்தை இடித்துக்கொண்டு அவன் மனைவி சாபித்ரி ஓடிவந்தாள். கீழ்பென்னாத்தூர் சந்தையில் காய் வாங்கியே தமிழ் கற்றுக்கொண்டவள். ஒடிசாவிலிருந்து பன்னிரண்டு பேராக ஒரு செங்கல் சூளைக்கு வந்திருக்கிறார்கள். வந்த அன்றே மேஸ்திரி எல்லாருடைய ஆதார் கார்டையும் வாங்கி வைத்துக்கொண்டாராம். ஊரில் சுக்ராவின் அம்மா படுத்த படுக்கை.

"கார்டு இல்லாம போனா ரயில்ல போலீஸ் புடிச்சுக்கும்னு சொல்றாருங்க மேஸ்திரி. குடுங்கன்னா, நாளைக்கு, நாளைக்குன்றாரு. அத்தை நாளைக்கு இருக்காதுங்க."

காணோம்காரர் மைக்கை அணைத்தார். அப்புறம் கேட்டார்: "உங்க மேஸ்திரி மலை சுத்த வருவாரா?"

"தப்பாம வருவாரு. நாளைக்கு வராரு."

"இன்னா சட்டை?"

"எப்பவும் மஞ்ச சட்டைதான். கார்டெல்லாம் அவரு கக்கத்துல வச்சிருக்கற பையில."

அந்த முறை பௌர்ணமித் திதி இரண்டு நாளில் விழுந்திருந்தது. மறுநாள் சாயங்காலம் பன்னிரண்டு பேரும் கொட்டகைக்குப் பின்னால் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். "அண்ணே, சூளை ஆளுங்க அடிக்க வந்தா?" என்றேன்.

"வரட்டும். சட்டை கலரைப் பாத்து வெச்சுக்கோ."

மலையே கேட்கும்படி அறிவித்தார்: "காணவில்லை! செங்கல் சூளை மேஸ்திரி, மஞ்சள் சட்டை, கக்கத்தில் கறுப்புப் பை. ஐயா, உங்கள் ஆட்கள் பன்னிரண்டு பேர் இங்கே பரிதவித்துக்கொண்டிருக்கிறார்கள். உங்களிடம் பத்திரமாக உள்ள அவர்களது ஆதார் அட்டைகளுடன் உடனடியாக வரவும். பார்க்கும் பக்தர்கள் அவரைக் கையோடு அழைத்து வரவும்."

நம் ஜனங்களுக்குப் புண்ணியம் என்று சொல்லிவிட்டால் போதும். கால் மணி நேரத்தில் மஞ்சள் சட்டை போட்டவர்களாகக் கொட்டகை நிரம்பிவிட்டது. "நான் எல்.ஐ.சி. ஏஜென்ட்யா, வுடுங்க!" என்று ஒருவர் கத்தினார். "பயப்படாத நைனா, உன் புள்ளைங்க இங்கதான் இருக்குது" என்று அவரைத் தடவிக்கொடுத்தார் ஒரு பெரியவர். கடைசியில் நாலு அம்மாக்கள், ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு, நிஜ மேஸ்திரியைக் கூட்டிவந்தார்கள். "பாவம், வெக்கப்பட்டுகினு வரமாட்டேன்றாரு" என்றார் அதில் ஓர் அம்மா.

முன்னால் நூறு கண். பின்னால் பன்னிரண்டு பேர். மேஸ்திரி வியர்வையைத் துடைத்துக்கொண்டு, "பத்திரமா இருக்கட்டுமேன்னுதாங்க வச்சிருந்தேன்" என்று பையைத் திறந்தார்.

"மேஸ்திரி நல்லபடியாகக் கிடைத்துவிட்டார்! தேடிக் கொடுத்தவர்களுக்கு நன்றி!" என்றார் காணோம்காரர். சனம் கைதட்டியது. சுக்ராவும் சாபித்ரியும் அன்றே ரயிலேறினார்கள். சுக்ராவின் அம்மா மகனைக் கண்ணால் பார்த்துவிட்டுத்தான் போய்ச் சேர்ந்தாள்.

அடுத்த பௌர்ணமிக்குக் கொட்டகையில் தொலைந்தவர்களைவிட வேலைக்கு வந்த வெளியூர் ஆட்கள் ஜாஸ்தி. ரைஸ் மில்லில் கை நசுங்கியவன், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க வழி தெரியாதவள், ஓட்டலில் மாவு பிசைகிறவர்கள். கலெக்டர் ஆபீஸில் திங்கட்கிழமை மனு நாளுக்கு இவர்களுக்கெல்லாம் மனு எழுதியே எனக்கு விரல் தேய்ந்தது. ஒடிசாவிலிருந்து சுக்ராவோடு திரும்பிவந்த சாபித்ரி முன்னால் நிற்க, வெளியூர்த் தொழிலாளர் சங்கம் என்று ஒன்று தானாகவே முளைத்துவிட்டது. சங்க நோட்டில் ஒவ்வொரு பெயருக்கு எதிரிலும் சட்டை நிறத்தை எழுதிவைத்தார் காணோம்காரர். "அடுத்த கூட்டத்துக்கு வேற சட்டை போட்டா?" என்று கேட்டேன். பாதிப் பேருக்கு வேறு சட்டை இல்லை என்பது எனக்கு அடுத்த கூட்டத்தில்தான் தெரிந்தது.

எதிர் டீக்கடைக்காரருக்குப் பொறுக்கவில்லை. "நம்ம ஆளுக்கே வேலை இல்ல, வடக்கத்தியானுக்கு சங்கம் ஒரு கேடா?" என்றார்.

"உன் புள்ள எங்க கீறான்?" என்றார் காணோம்காரர்.

"துபாய்ல."

"இன்னிக்கு இன்னா சட்டை போட்டிருக்கான்?"

டீக்கடைக்காரர் கிளாஸ் கழுவப் போய்விட்டார். அடுத்த பௌர்ணமியிலிருந்து சங்கக் கூட்டத்துக்கு டீ அவர் கடையிலிருந்துதான் வந்தது.

போன வருஷம் முட்டி வலி முற்றிப்போய், காணோம்காரரையும் அண்ணியையும் மகன் புனேவுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டான். "இங்க ஒருத்தன் பேசறதும் புரியல, ஜெராக்சு. ரயில் வாக்கியத்தை எத்தினி வாட்டிதான் சொல்றது" என்று போனில் சொன்னபோது எனக்கு என்னவோ போலாகிவிட்டது.

நானும் அந்த அறையைக் காலி செய்துவிட்டேன். போன பௌர்ணமிக்கு அடி அண்ணாமலை போனேன். கொட்டகையில் மைக் இப்போது சாபித்ரி கையில். அவளுக்கு ஓர் அறிவிப்பு சொல்லிக் கொடுத்துவிட்டு, காணோம்காரருக்குப் போன் போட்டு ஸ்பீக்கர் பக்கம் தூக்கிப் பிடித்தேன்.

"காணவில்லை! பெயர் காணோம்காரர். தடிக் கண்ணாடி, சாய்ந்த நடை. எங்கிருந்தாலும் வரவும். உங்கள் ஆட்கள் எல்லாரும் இங்கே காத்திருக்கிறார்கள்."

போனில் மூக்கை உறிஞ்சுவது மட்டும் கேட்டது. அப்புறம், "சட்டை கலர் சொல்லலியே அந்தப் பொண்ணு" என்றார்.

"இன்னா சட்டைண்ணே போட்டிருக்கீங்க?"

"பச்சை. கட்டம் போட்டது. புனேவுக்குக் கிளம்பற அன்னிக்கு சுக்ரா வாங்கிக் குடுத்தான்."

மைக்கை வாங்கி அதையும் நானே சொன்னேன். புனே வரைக்கும் கேட்க வேண்டுமே என்று இன்னொரு தரம் சொன்னேன்.