சும்மா இருப்பவர்கள்

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி எழுதுவது. இங்கு எல்லோரும் நலம், அம்மாவின் இடது கால் நீங்கலாக. உன் நலமும் உன் புது வேலையின் நலமும் அறிய ஆவல். ஆனாலும் நீ உடனே புறப்பட்டு வர வேண்டும். முதல் மாதமே லீவு கேட்டால் வேலை போய்விடும் என்று போனில் சொன்னாய். தெரியும். ஆனால் நீ இல்லாமல் வீடு நடக்காது என்று நான் கணினியில் நிரூபித்துவிட்டேன்.

கட்டப்போகும் கிடங்குகளை முதலில் கணினிக்குள் கட்டிப் பார்ப்பது என் ஆபீஸ் வேலை. உள்ளே முகமில்லாத சின்ன மனிதர்கள். ஒரு வேலை வந்தால் அதை யாருக்குக் கொடுப்பது என்று விதி சொல்ல வேண்டும். வேலை இல்லாதவர்கள் சுவரோரம் நின்று லேசாக அசைவார்கள், நீருக்கடியில் நிற்பதுபோல. அந்த நிலைக்கு நான் வைத்த பெயர் ‘சும்மா’.

அம்மா காலில் கட்டோடு படுத்ததும் நம் வீட்டை அப்படிக் கட்டினேன். முதல் விதி, பக்கத்தில் இருப்பவருக்கு வேலை. சமையல், துணி, பாத்திரம் எல்லாம் அண்ணிமேல் விழுந்தன. அண்ணன் ஜன்னலோரம் நாள் முழுக்க அழகாக அசைந்துகொண்டிருந்தான். கையைத் துடைத்துக்கொண்டே அண்ணி வந்து பார்த்தார். “இதுக்கு கம்ப்யூட்டர் வேறயா, தம்பி? என்னைக் கேட்டிருந்தா வாயாலயே சொல்லியிருப்பேனே.”

அடுத்தது, ஆளுக்கொரு முறை. பால் காய்ச்சும் முறை அப்பாவுக்கு வந்தது. நிஜத்திலும் செய்து பார்த்தோம். அடுப்பின் முன் நின்றார்.

“பொங்குதுப்பா.”

“பாத்துக்கிட்டுதாண்டா இருக்கேன்.”

பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

மூன்றாவது விதி, ரொம்ப நேரம் சும்மா இருப்பவருக்கு வேலை. வீடு பளபளத்தது. துணி மடிந்தது, பால் பொங்கவில்லை. யார் செய்வது என்று வெகுநேரம் கழித்துத்தான் கவனித்தேன். படுக்கையிலிருந்து ஒரு உருவம் எழுந்து எழுந்து போனது. அம்மாவின் கால் உடைந்ததைக் கணினிக்குச் சொல்ல மறந்திருந்தேன். கொடியிலிருந்து அடுப்புக்கு, அடுப்பிலிருந்து வாசலுக்கு, பாதம் தரையில் படாமல், சத்தமில்லாமல். நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை.

அம்மா படுத்தபடியே எட்டிப் பார்த்தாள். “யாருடா அது?”

“நீதாம்மா.”

கொஞ்ச நேரம் பார்த்தாள். “நல்லா நடக்கிறாளே.”

அந்தப் பொம்மையை எடுத்துவிட்டேன். உடனே சமையலறை வாசலில் வேலைகள் சாம்பல்நிறப் பெட்டிகளாகக் குவிந்து கூரையைத் தொட்டன. அண்ணன், அண்ணி, அப்பா போதாது. இன்னொரு ஆள் வேண்டும். உனக்கொரு பொம்மை செய்து, கையில் பையோடு வாசலில் நிறுத்தியிருக்கிறேன். அசைந்துகொண்டிருக்கிறது. வா.

அத்தானுக்கு வணக்கம். குழந்தைக்கு முத்தம். உன் வீட்டில் எல்லாம் பொங்கட்டும், பால் மட்டும் வேண்டாம்.

இப்படிக்கு,
தம்பி

பி.கு.: உறையை ஒட்டுவதற்குமுன் அண்ணி கடிதத்தை வாங்கிப் படித்தார். “எல்லாம் சரி. இதுல நீங்க எங்க, தம்பி?” மாடல் செய்கிறவன் மாடலுக்குள் இருப்பதில்லை என்றேன். “அதத்தான் கேக்கறேன்.”

எனக்கும் ஒரு பொம்மை வைத்தேன். மவுஸிலிருந்து கையை எடுப்பதற்குள் அது துடைப்பத்தை எடுத்துவிட்டது. பெட்டிகள் கரைகின்றன. உன் பொம்மையைப் பையோடு திருப்பி அனுப்பிவிட்டேன். வேலையை விடாதே. அம்மாவை மறுபடி உள்ளே விட்டிருக்கிறேன். வேலை எதுவும் இல்லை, நடக்க மட்டும் சொல்லியிருக்கிறேன்.

அம்மா கூப்பிடுகிறாள். “டேய், சும்மாதான இருக்க?”

போகிறேன்.