ஒன்பது செம்பருத்தி மாலைகள்

பாடாங் மேஹா தோட்டம்,
மாசி 10, ஜப்பான் கணக்கில் 2604.

யான் ஊரில் இருக்கும் மதிப்பிற்குரிய அத்தான் அவர்களுக்கு, மைத்துனன் முருகையா வணங்கி எழுதுவது. நானும் என் வீட்டுக்காரி குணவதியும் மரவள்ளிக்கிழங்கின் தயவில் நலம். தங்கள் நலமும் மருதம்மாள் அக்காவின் நலமும் அறிய ஆவல்.

மனோகரன் படத்துக்கு மாலை விழுந்துவிட்டது என்று யாரோ சொல்லி, அக்கா மூன்று நாளாகச் சாப்பிடவில்லையாமே! ஐயோ அத்தான், அந்த மாலையைப் போட்டவனே நான்தான். உங்கள் மகனுக்கு ஒன்றுமில்லை.

பள்ளிக்கூடத்தை மூடியபின் சும்மா கிடந்த என்னை ஜப்பான் அதிகாரி கூப்பிட்டனுப்பினார். அவருக்குச் சித்திரம் என்றால் உயிர். சயாம் ரயில் பாதை போடும் வேலைக்குப் போகுமுன் நம் மனோகரன், கூடப் போகிற எட்டுப் பேரையும் கரியால் வரைந்து, கடைசியில் கண்ணாடி பார்த்துத் தன்னையும் வரைந்து என்னிடம் கொடுத்துவிட்டுப் போனான் அல்லவா, அந்த ஒன்பது படங்களையும் வெள்ளைக்காரத் துரை விட்டு ஓடிய பங்களாவில் மாட்டச் சொல்லி, என்னைச் சித்திரசாலை டைரக்டர் ஆக்கிவிட்டார். டைரக்டர் வேலை என்றால் பங்களாவுக்குள் நுழைகிற ஆடு விரட்டுவது. திறப்பு விழாவுக்குப் படங்களைப் பூவால் அலங்கரிக்க உத்தரவு வந்தது. விருந்தாளி கழுத்தில் போடுகிற நினைப்பில் ஒன்பது செம்பருத்தி மாலை கட்டிப் போட்டுவிட்டேன். புத்தி எங்கே போயிற்றோ! உயிரோடிருப்பவன் படத்துக்கு எவனாவது மாலை போடுவானா?

முதலில் உள்ளே வந்தவள் பழனியாண்டி பெண்சாதி அழகம்மா. "அடப்பாவி வாத்தியாரே, என் புருசன் எப்ப செத்தாரு? ஒரு வார்த்த சொல்லலியே!" என்று வளையலை உடைத்துக்கொண்டு விழுந்தாள். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் ஒப்பாரி. அதிகாரியோ, சித்திரத்தின் அழகில் உருகுகிறார்கள் என்று கைதட்டி, மாலைகளைக் கழற்றவே கூடாது என்று சொல்லிவிட்டார். "வெறும் அலங்காரந்தான்லா, தாயி" என்று வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். யார் கேட்கிறார்கள்? விளக்குமாற்றடி வாங்காததுதான் குறை. நினைத்தால் சிரிப்பு வருகிறது அத்தான், ஆனால் மனோகரன் படத்துப் பக்கம் மட்டும் பார்க்க முடியவில்லை. நான் தோளில் தூக்கி வளர்த்த பிள்ளை.

அவன் வருவான். வந்து, "மாமா, ஒங்களுக்கு அறிவிருக்கா?" என்று ஏசுவான். அதைக் கேட்கத்தான் காத்திருக்கிறேன். அக்காவைக் கையைக் காலைப் பிடித்தாவது சாப்பிட வையுங்கள்.

என்றும் தங்கள் அன்புக்குரிய,
முருகையா

பி.கு.: கடிதத்தை ஒட்டுமுன் இன்னும் ஒன்று. பழனியாண்டி தப்பி வந்துவிட்டான். எலும்பும் தோலுமாகப் பங்களாவுக்குள் நுழைந்து, தன் படத்தில் காய்ந்து கிடந்த மாலையைத் தானே பிய்த்தெறிந்தான். "நல்ல காரியம் பண்ணி வெச்சீங்கண்ணே" என்று சிரித்தான். நானும் சிரித்தேன். "அப்படியே நம்ம பையன் மாலையையும் எடுத்துருப்பா" என்று மனோகரன் படத்தைக் காட்டினேன். அவன் சிரிப்பு நின்றுவிட்டது.

"அது இருக்கட்டும்ணே" என்றான்.

கையெழுத்துக்கு மேலே உள்ளதை மட்டும் அக்காவுக்கு வாசித்துக் காட்டுங்கள், அத்தான்.