ஃபார்மேட்டரின் பொறுமை

"என்னடி இது? பன்னிரண்டு வரி அனுப்பினேன், இருபத்து நாலா வந்திருக்கு."

அவசரம் கேட்டதற்குப் பக்கத்து இருக்கைத் தோழி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. "ஃபார்மேட்டர் வேலை. வரிக்கு ஒண்ணுதான் இருக்கணும்னு அதுக்கு விதி."

அவசரம் என்பது அவளுக்கு அலுவலகம் வைத்த பட்டப்பெயர். படம் அச்சிடும் மென்பொருளுக்குச் சோதனை எழுதுவது அவள் வேலை. --அகலம் என்று ஓர் ஆப்ஷன், அருகில் அதன் மதிப்பு 40. --உயரம், அருகில் 60. இப்படி வரிக்கு ஒரு ஜோடியாகப் பன்னிரண்டு ஜோடிகள் எழுதி அனுப்பியிருந்தாள். எழுதியதை வரி வரியாக ஒழுங்குபடுத்தும் நிரல்தான் ஃபார்மேட்டர்; சர்வரில் இருந்த அது அத்தனை ஜோடியையும் பிரித்து, தனித்தனி வரியில் நிறுத்தித் திருப்பித் தந்திருந்தது. எந்த எண் எதனுடையது என்று எழுதியவளுக்கே புரியவில்லை.

நாலு மணிக்கு மேலாளர் பார்ப்பார். "ஒரு தடவைதான் படிப்பேன். புரியலைன்னா நாளைக்கு லீவு கிடையாது" என்று சொல்லியிருந்தார். தங்கைக்குக் குழந்தை பிறந்து ஒன்பது நாளாகிறது. அவசரம் இன்னும் அதன் முகத்தைப் பார்க்கவில்லை.

ஜோடிகளை மறுபடி சேர்த்து அனுப்பினாள். ஐந்தே நிமிடத்தில் பிரிந்து வந்தன.

ஒவ்வொரு ஜோடிக்கும் ஒரு குறிப்பு எழுதி அனுப்பினாள். குறிப்புகளும் தனி வரி பிடித்து, முப்பத்தாறாகத் திரும்பின. ஒரு காற்புள்ளிகூடப் பிசகவில்லை.

"எரிச்சலா வருது. ஆனா பாரேன், என்ன ஒரு நேர்த்தி" என்றாள் அவசரம்.

"மனுஷனா அது, அலுத்துக்க?" என்றாள் தோழி.

மூலையில் சர்வருக்குப் பக்கத்தில் இருந்த பராமரிப்பு அண்ணன் மணிக்கட்டை உதறிவிட்டு மீண்டும் தட்டச்சு செய்தார். அவர் யாரிடமும் பேசியதில்லை.

பொறுக்க முடியாமல், "இதைத் தொட்டால் கை முறியும்" என்று குறிப்புகளுக்கு மேலே இன்னொரு குறிப்பு எழுதி அனுப்பினாள். அதுவும் திரும்பி வந்தது, முறையாக இடம் விட்டு, கடைசியில் முற்றுப்புள்ளியும் வைத்து. திட்டினாலும் திருத்திக் கொடுக்கிறதே என்று அவளுக்கு மெய்சிலிர்த்தது.

மதியம் ஒன்றிலிருந்து ஒன்றரை வரை ஃபார்மேட்டர் எதையும் தொடாது. சர்வர் சூடு ஆறும் நேரம் என்று எல்லோரும் நம்பினார்கள். அந்த அரை மணி நேரத்தில்தான் அவளுக்கு ஒன்று தோன்றியது. ஆப்ஷனுக்கும் மதிப்புக்கும் நடுவில் ஒரு சமக்குறி போட்டு ஒட்டிவிட்டால்? --அகலம்=40. இரண்டும் ஒரே சொல்லாகிவிடும், பிரிக்க ஒன்றுமிருக்காது.

ஒன்று முப்பத்தொன்றுக்குப் பன்னிரண்டு வரியும் அனுப்பியபடியே வந்தன.

நாலு மணிக்கு மேலாளர் ஒரு தடவை படித்தார். "அகலம் நாப்பது, உயரம் அறுபது. குழந்தைக்குக்கூடப் புரியும். கிளம்புங்க."

அவசரம் பையை எடுத்துக்கொண்டு நேராக மூலைக்குப் போனாள். சர்வரின் மேல் உள்ளங்கையை வைத்தாள். கண் கலங்கியது.

"இத்தனை தடவை படுத்தியும் ஒரு தப்பு இல்லை, ஒரு கோபம் இல்லை. இந்தப் பொறுமையை மனுஷங்ககிட்ட பார்க்கவே முடியாது அண்ணே."

பராமரிப்பு அண்ணன் முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"அந்த ஃபார்மேட்டர் பழுதாகி மூணு வருஷம் ஆச்சும்மா, நான்தான் கையால பிரிச்சிட்டிருக்கேன், அந்தச் சமக்குறியைக் காலையிலேயே போட்டிருந்தா என் விரலாவது பிழைச்சிருக்கும்."